262 சிசி செய்யும் வேலை: நெக்ஸானா, பிரெஸ்ஸாவா?

வரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மாருதி பிரெஸ்ஸாதான் மலிவு. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது பிரெஸ்ஸாவின் தொடக்க வேரியன்ட்டுக்கு எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராதது) சுமார் 8.26 லட்சம் ரூபாய். டாடா நெக்ஸானுக்குச் சுமார் 7.32 லட்சம். பிரெஸ்ஸாவின் விலைக்குள் 40 சதவீத வரி உட்கார்ந்திருக்கிறது. நெக்ஸானின் விலைக்குள் 18 சதவீதம்தான். வரியை எடுத்துவிட்டால் பிரெஸ்ஸா 5.90 லட்சம், நெக்ஸான் 6.20 லட்சம். 30,000 ரூபாய் குறைவான வண்டி, வரி ஏறியதும் 94,000 ரூபாய் கூடுதலான வண்டியாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை நாமக்கல்லில் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போட்டேன். இரண்டு கொட்டேஷன் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை கேட்டார்: "ரெண்டும் ஒரே நீளம், ரெண்டும் அஞ்சு பேர் வண்டி. பின்ன எப்படிங்க மச்சான் ஒரு லட்சம் வித்தியாசம் வருது?" சரியான கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகப் புரியும். ஒரு வண்டி மேட்டில் ஏன் சுலபமாக ஏறுகிறது, இன்னொன்று நெரிசலில் ஏன் அலட்டிக்கொள்ளாமல் ஊர்கிறது, ஒன்றின் மைலேஜ் ஓட்டுகிறவரைப் பொறுத்து ஏன் அப்படி மாறுகிறது என்பதெல்லாம் ஒரே வேரிலிருந்து வருபவை. அந்த வேர், எஞ்சின் கொள்ளளவில் இருக்கும் 262 சிசி.

கதை 2006-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். அன்று போட்ட இந்தக் கோடுதான் இன்றுவரை இந்தியாவில் ஓடும் கார்களின் உருவத்தையே தீர்மானிக்கிறது. 2008-ல் டாடா தன் இண்டிகோ காரின் பின்பக்கத்தைக் குறுக்கி 4 மீட்டருக்குள் அடக்கி இண்டிகோ சிஎஸ் என்று விற்றது. 2013-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், எஸ்யூவியையும் அந்த அளவுக்குள் அடக்கலாம் என்று காட்டியது. இன்று சாலையில் பார்க்கும் குட்டை எஸ்யூவிகளின் பின்பக்கம் கத்தியால் நறுக்கியதுபோல் நேராக முடிவது அழகுக்காக மட்டும் அல்ல. இன்னும் ஒரு கை நீளம் விட்டிருந்தால் வரி ஏறியிருக்கும்.

ஜிஎஸ்டி வந்த பிறகும் கோடு அப்படியே நின்றது. 2025 செப்டம்பர் வரை சிறிய பெட்ரோல் காருக்கு மேல்வரியோடு சேர்த்து 29 சதவீதம். எஞ்சின் அளவு தாண்டினால் 45. இடைவெளி 16 புள்ளி. செப்டம்பர் மாற்றத்தில் அது 18, 40 என்று ஆனது. இரண்டு வண்டிகளுக்கும் வரி குறைந்தது உண்மைதான். ஆனால் இடைவெளி 22 புள்ளியாகக் கூடிவிட்டது. இதைப் பலரும் கவனிக்கவில்லை. "வரி குறைஞ்சு எல்லா வண்டியும் இறங்கிடுச்சு" என்று பொதுவாகப் பேசினோமே தவிர, எது எவ்வளவு இறங்கியது என்று பார்க்கவில்லை.

நெக்ஸான் 3,995 மி.மீ. நீளம். பிரெஸ்ஸாவும் அதே 3,995. நீளத்தில் இரண்டும் பாஸ். நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் 1,199 சிசி, கோட்டுக்கு ஒரே ஒரு சிசி உள்ளே. பிரெஸ்ஸாவுடையது 1,462 சிசி, கோட்டுக்கு 262 சிசி வெளியே. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரெஸ்ஸா பிறக்கும்போது அப்படி இல்லை. 2016-ல் விட்டாரா பிரெஸ்ஸா என்ற பெயரில் வந்தபோது அதில் டீசல் எஞ்சின் மட்டும்தான், 1,248 சிசி. ஃபியட் வழி வந்த அந்த எஞ்சின் வரிக் கோட்டுக்குள் வசதியாக இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. அந்த இடத்தில் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடுதான் பிரெஸ்ஸா கூடுதல் வரிக்குள் நுழைந்தது. 2022 ஜூன் கடைசியில் வந்த புதிய பிரெஸ்ஸாவிலும் அதே கொள்ளளவுதான். மாருதியிடம் சின்ன டர்போ எஞ்சின் இல்லாமல் இல்லை. அதன் இன்னொரு காரான ஃபிரான்க்ஸில் 998 சிசி டர்போ ஓடுகிறது. ஆனாலும் பிரெஸ்ஸாவுக்குத் தன் மற்றொரு வண்டியான எர்டிகாவில் இருக்கும் அதே நான்கு சிலிண்டர் எஞ்சினைத்தான் வைத்தார்கள். டாடா வேறு வழியில் போனது. கொள்ளளவைக் குறைத்து, சிலிண்டரை மூன்றாக்கி, இழந்த பலத்தை டர்போ வைத்து மீட்டது.

ஆகவே வாங்குகிறவர் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்கிறார் என்பதைவிட, ஒரே வரிக் கோட்டுக்கு இரண்டு பொறியாளர் கூட்டம் சொன்ன இரண்டு பதில்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்கிறார் என்பதே சரி.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடுதலாகப் போனால் பெட்ரோலும் கூடுதலாக எரியலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின்போல் இழுக்கும். நெக்ஸான் 120 பிஎஸ் சக்தியும் 170 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது. பிரெஸ்ஸா 103 பிஎஸ், 137 நியூட்டன் மீட்டர். இந்த எண்களைவிட முக்கியம், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போது அந்த இழுவை கிடைக்கிறது என்பது. நெக்ஸானில் 1,750 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவையும் வந்துவிடும். பிரெஸ்ஸாவில் அது உச்சத்தைத் தொடுவது 4,400-ல்.

இதைத் தாளில் படித்து உணர முடியாது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தங்கச்சி வீட்டார் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால், மலைக்கு எது சரி என்பதில் மாப்பிள்ளைக்குக் கவலை இருந்தது. ஷோரூம் டெஸ்ட் டிரைவ் பைபாஸில் நான்கு கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதனால் அவருடைய நண்பரின் நெக்ஸானை ஒரு ஞாயிறும், அலுவலகத்தில் கூட வேலை செய்பவரின் பிரெஸ்ஸாவை அடுத்த ஞாயிறும் கேட்டு வாங்கினோம். இரண்டும் பெட்ரோல், இரண்டும் மேனுவல் கியர். இரண்டிலும் அதே ஐந்து பேர், அதே சாப்பாட்டுக் கூடை, ஏசி ஓடியபடி.

நெக்ஸானில் வளைவு முடிந்து நிமிர்ந்ததும் இரண்டாவது கியரில் கால் வைத்தால் போதும், வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் ஏறியது. ஆனால் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து, கிட்டத்தட்ட நிற்கும் அளவுக்கு வேகம் குறைந்தது. மறுபடி இரண்டாவது கியரிலேயே மிதித்தபோது ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. சுற்று 1,500-க்குக் கீழே விழுந்துவிட்டது. டர்போ சுழல ஆரம்பிக்கும்வரை அது வெறும் 1.2 லிட்டர் எஞ்சின்தான். முதல் கியருக்கு இறங்கியதும் சரியாகிவிட்டது. பிரெஸ்ஸாவில் அந்தத் தயக்கம் இல்லை. கால் எவ்வளவு சொன்னதோ அவ்வளவு நகர்ந்தது. ஆனால் ஏற்றம் முழுக்க எஞ்சினைச் சத்தம்போட விட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஐந்து பேரோடு முதல் கியரும் இரண்டாவது கியரும் மாறி மாறி, 4,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே இருந்தது. ஏறாமல் நிற்கவில்லை, உழைத்து ஏறியது. மலைமேல் இருக்கும் செம்மேடு போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகியிருந்தது. ஓட்டியவரின் களைப்புதான் வேறு.

ஊருக்குள் இதே கதை தலைகீழ். காலை எட்டரை மணிக்கு மோகனூர் ரோட்டில் பள்ளி வேன்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது எஞ்சின் எப்போதும் 1,500-க்குக் கீழேதான் இருக்கும். டர்போவுக்கு அங்கே வேலையே இல்லை. கிளட்சைத் தொட்டுத் தொட்டு ஓட்ட வேண்டும், மூன்று சிலிண்டரின் லேசான அதிர்வு சிக்னலில் நிற்கும்போது காலில் தெரியும். பிரெஸ்ஸாவின் நான்கு சிலிண்டர் அதே இடத்தில் பால் கறக்கும் பசுபோல் அமைதியாக நிற்கிறது. கிளட்சை மெல்ல விட்டாலே ஊர்ந்துவிடும். நாள் முழுக்க ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால் இது சின்ன விஷயமே அல்ல.

அப்புறம் ஆட்டோமேட்டிக். இதில் விற்பனையாளர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் "ஆட்டோமேட்டிக் சார்" என்று முடித்துவிடுகிறார்கள். மூன்று வேறு வேறு பொருள்கள் அவை. நெக்ஸானில் ஏஎம்டி ஒன்று உண்டு: சாதாரண கியர்பாக்ஸ்தான், நம் இடது காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது தலை லேசாக முன்னுக்குப் போய் வரும். அதற்கு மேலே டிசிஏ என்ற இரட்டை கிளட்ச் பெட்டி. அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வதால் மாறுவதே தெரியாது. விலையும் கூடும், பின்னாளில் பழுது வந்தால் செலவும் கூடும். பிரெஸ்ஸாவில் இருப்பது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் பாலம். பழைய முறை, கொஞ்சம் சோம்பல், ஆனால் மேட்டில் நின்று கிளம்புவதற்கும் நெரிசலில் ஊர்வதற்கும் இதைவிட மென்மையானது கிடையாது. நீண்ட நாள் உழைக்கும். ஊருக்குள் ஓட்ட ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறேன் என்பவருக்கு நான் தயங்காமல் பிரெஸ்ஸாவைச் சொல்வேன். இந்த ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மைலேஜ். இதற்கு ஆளுக்கொரு எண் சொல்வார்கள். டர்போ வண்டியில் எல்லாருடைய எண்ணும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் அது முழுக்க வலது காலைப் பொறுத்தது. மெதுவாக ஓட்டினால் சின்ன எஞ்சின்போல் குடிக்கும். மிதித்தால் பெரிய எஞ்சின்போல் குடிக்கும். பிரெஸ்ஸாவில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. கணக்குக்காக நெக்ஸான் லிட்டருக்கு 13, பிரெஸ்ஸா 16 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால் நெக்ஸானுக்கு 769 லிட்டர், பிரெஸ்ஸாவுக்கு 625 லிட்டர். வித்தியாசம் 144 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 14,400 ரூபாய் மிச்சம். தொடக்க வேரியன்ட்டுகளுக்கு நடுவே இருந்த 94,000 ரூபாயோடு அதற்கான 13 சதவீதச் சாலை வரியையும் சேர்த்தால் 1.06 லட்சம் வரும். அந்தப் பணம் பெட்ரோலில் திரும்பி வர ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடுகிறவருக்கு மூன்றரை, நான்கு வருஷம். வெறும் மைலேஜுக்காக பிரெஸ்ஸா வாங்குகிறேன் என்று சொல்பவர் முதலில் தன் பழைய வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளை 15,000 என்று நினைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் 8,200 இருந்தது.

சிஎன்ஜி வாங்க நினைத்தால் கதை வேறு. பிரெஸ்ஸாவின் சிஎன்ஜியில் கேஸ் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். கேஸில் ஓடும்போது சக்தியும் 88 பிஎஸ்தான். நெக்ஸானில் 2024-ல் வந்த சிஎன்ஜி டர்போவோடு ஓடுகிறது, 100 பிஎஸ். ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னச் சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் படுக்க வைத்திருப்பதால் 321 லிட்டர் டிக்கி மிஞ்சுகிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போக ஒரு சிஎன்ஜி வேண்டும் என்றால் இந்த இரண்டில் நெக்ஸான்தான். ஆனால் வீட்டிலிருந்து எத்தனை தூரத்தில் பங்க் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு அங்கே வரிசை எவ்வளவு என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டீசல் நெக்ஸானில் மட்டும்தான் உண்டு: 1,497 சிசி, 260 நியூட்டன் மீட்டர். வாரம்தோறும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நல்ல வண்டி. தினமும் மூன்று கிலோமீட்டர் கடைக்குப் போய் வருகிறவர் வாங்கினால், புகைக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளத் தேவையான சூடே வராது. எச்சரிக்கை விளக்கு எரியும், அப்புறம் அலைச்சல்தான்.

இனி பின் சீட். குடும்ப வண்டி என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது நம்மில் பலர் செய்யும் தவறு. தங்கச்சியின் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அவரை இரண்டு வண்டியிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். நெக்ஸானின் உயரம் 1,620 மி.மீ., பிரெஸ்ஸா 1,685. இந்த 65 மில்லிமீட்டர், கட்டைவிரல் நீளம், அவருக்குப் பெரிய வித்தியாசமாக இருந்தது. நெக்ஸானின் கூரை பின்னால் போகப் போகச் சரிகிறது. அவர் முதலில் உட்கார்ந்து, பிறகு தலையைக் குனிந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். பிரெஸ்ஸாவில் குனியத் தேவைப்படவில்லை. "இது திண்ணையில உக்கார்ற மாதிரி இருக்குது சாமி" என்றார். ஆனால் உள்ளே உட்கார்ந்த பிறகு தொடைக்கு நல்ல தாங்கல் நெக்ஸானில்தான் என்றும் அவரே சொன்னார். அகலம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்தால் இரண்டிலும் தோள் உரசும். டிக்கியில் நெக்ஸானுக்கு 382 லிட்டர், பிரெஸ்ஸாவுக்கு 328. ஒரு நடுத்தரப் பெட்டி கூடுதலாகப் போகும்.

பாதுகாப்பைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நட்சத்திரங்களைக் கலந்து குழப்பிவிடுகிறார்கள். 2018 டிசம்பரில், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கிய நெக்ஸான், இந்தியாவில் தயாராகி அதைப் பெற்ற முதல் கார். குழந்தைகள் பாதுகாப்புக்கு அன்று 3 நட்சத்திரம்தான். பிறகு சோதனை முறை கடுமையானது. 2024 பிப்ரவரியில் புதிய முறையில் மறுபடி சோதித்தபோது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 5. நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையிலும் 5 வாங்கியது. பிரெஸ்ஸாவுக்கு 4 நட்சத்திரம் என்று சொல்கிறார்களே, அது 2018-ல் சோதித்த பழைய விட்டாரா பிரெஸ்ஸாவுக்கு, பழைய முறையில் கிடைத்தது. அதிலும் குழந்தைகள் பாதுகாப்புக்கு 2-தான். அந்த 4-ஐ இன்றைய பிரெஸ்ஸாவில் ஒட்டிப் பேசக் கூடாது; குறைத்தும் பேசக் கூடாது, கூட்டியும் பேசக் கூடாது. வாங்கும் நாளில் பாரத் என்கேப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். இன்று இரண்டு வண்டியிலும் 6 ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வருகிறது. வண்டி நிலைகுலையாமல் பிடிக்கும் இஎஸ்பி வருகிறது. குழந்தை சீட் மாட்டும் கொக்கிகளும் வருகின்றன. இருந்தாலும் மோதவிட்டுப் பார்த்த வண்டி என்ற நம்பிக்கை நெக்ஸானுக்கு இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதிகம் போகும் குடும்பத்துக்கு நான் இதை முதல் காரணமாகவே வைப்பேன்.

இதோடு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மோதல் சோதனையில் பொம்மைகளுக்கு சீட் பெல்ட் போட்டிருக்கும், குழந்தைப் பொம்மைகள் குழந்தை சீட்டில் இருக்கும். நம் ஊரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்வார்கள். அப்படி உட்கார்ந்தால் 5 நட்சத்திரமும் ஒன்றுதான், நட்சத்திரமே இல்லாததும் ஒன்றுதான். குழந்தை சீட்டுக்கான பணத்தை வண்டி பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல சீட் இரண்டு வாங்கலாம்.

தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கோடு இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து இங்கே வாழ்நாள் சாலை வரி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். 9.95 லட்ச ரூபாய் வேரியன்ட்டுக்கு வரி 1,29,350. 10.10 லட்ச ரூபாய் வேரியன்ட்டுக்கு 1,81,800. 15,000 ரூபாய் கூடுதலான வசதிக்கு மொத்தமாக 67,450 ரூபாய் கூடக் கொடுக்கிறீர்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் விற்பவரே வசூலித்துக் கட்டும் 1 சதவீத டிசிஎஸ் வரியும் பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைத்துவிடும். 40 சதவீத ஜிஎஸ்டி சுமப்பதால் பிரெஸ்ஸாவின் வேரியன்ட்டுகள் இந்த 10 லட்சக் கோட்டைச் சீக்கிரம் தொட்டுவிடுகின்றன. அதே பணத்துக்கு நெக்ஸானில் ஒரு படி, சில சமயம் இரண்டு படி மேலே போக முடிகிறது. 262 சிசி இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

இன்சூரன்ஸில் மட்டும் அது வேலை செய்யவில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 1,000 முதல் 1,500 சிசி வரை ஒரே பிரிவு, இரண்டு வண்டியும் அதற்குள். ஷோரூம் சொல்லும் பிரீமியத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வெளியே விலை கேட்டுவிட்டு அந்தத் தாளைக் காட்டினாலே இறங்கி வருவார்கள். நாங்கள் வாங்கிய கொட்டேஷன் ஒன்றில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று 9,000 ரூபாய் இருந்தது. எதற்கு என்று கேட்டதும் பேனாவால் அடித்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

சர்வீஸ், மறுவிற்பனை: மாருதி முன்னால் நிற்கிறது, இதில் வாதம் இல்லை. சின்ன ஊரிலும் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, எஞ்சின் எர்டிகாவில் ஓடுவதால் தெருமுனை மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம். எர்டிகா டாக்ஸி ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், எஞ்சினைப் பற்றிக் குறை சொல்பவர் அரிது. டர்போ எஞ்சினைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சரியான எண்ணெயைச் சரியான நேரத்தில் மாற்றுவதில் அலட்சியம் காட்டினால் அது மன்னிக்காது. மலையேறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுவது நல்லது. இப்படிக் கவனித்துக்கொள்கிற கை வீட்டில் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள்.

எங்கள் கதை கடைசியில் வேறு ஒன்றில் போய் முடிந்தது. முதல் டெஸ்ட் டிரைவுக்குப் போனபோது விற்பனையாளர் சாவியை நேராக மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அவரும் ஓட்டினார், நானும் ஓட்டினேன். திரும்பி வரும் வழியில்தான் தங்கச்சி சொன்னாள்: "பிள்ளைங்கள ஸ்கூல்ல விடறது, அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது, சந்தைக்குப் போறது எல்லாம் நான். என்னை ஒரு தடவையாவது ஓட்டச் சொன்னீங்களா அண்ணா?" பதில் சொல்ல முடியவில்லை. அந்த 8,200 கிலோமீட்டரில் ஆறாயிரமாவது அவள் ஓட்டியதுதான்.

அடுத்த சனிக்கிழமை அவளை மட்டும் அழைத்துக்கொண்டு போனேன். நெக்ஸானில் ஏறினாள், நல்லா இருக்கு என்றாள், ஆனால் பின்னால் எடுக்கும்போது மூன்று தடவை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பின் கண்ணாடி சின்னது, பக்கத் தூண் தடிமன். கேமரா இருந்தும் அவளுக்குத் திருப்தி இல்லை. பிரெஸ்ஸாவில் உட்கார்ந்ததும் பானட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றாள். சுற்றிலும் கண்ணாடி பெரிது, சீட் உயரம். தங்கள் தெருவின் குறுகலான திருப்பத்தில், டிரான்ஸ்பார்மர் கம்பம் பக்கத்தில், ஒரே மூச்சில் திருப்பி எடுத்தாள். ஒரு தடவைகூட எஞ்சின் நின்றுபோகவில்லை.

மேனுவல் பிரெஸ்ஸாவில் 10 லட்சத்துக்குக் கீழே இருக்கும் வேரியன்ட்டைப் பதிவு செய்தோம். மாப்பிள்ளை ஆசைப்பட்ட சன்ரூஃப் அதில் இல்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் 262 சிசிக்கு நாங்கள் கொடுக்கும் கூடுதல் வரியை நான் தாளில் எழுதிக் காட்டினேன், தெரிந்தே கொடுக்கட்டும் என்று. தங்கச்சி அதைப் படித்துவிட்டு, கீழே இன்னொரு வரி எழுதினாள்: குழந்தை சீட், 2.